மூன்று மொழித் திரைக்கு கியூட்டும் ஜிடிகேயும்: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

கொழும்பில் மேசைக்கணினி மென்பொருள் செய்தால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே சாளரத்தில் வந்தாக வேண்டும். புறக்கோட்டை மொத்தக் கடையின் பற்றுச்சீட்டுத் திரையானாலும் கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் மாணவர் பதிவேடானாலும் இதுதான் நிலைமை. சாளரமும் பொத்தானும் வரைந்து தரும் கியூட், ஜிடிகே போன்ற லைப்ரரிகளில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) எது நல்லது என்று கேட்கிறவர்கள் அனேகமாகப் பொத்தானின் அழகைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். தோற்றத்தைப் பிறகு எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தை வரையும் அடுக்கும், அடுத்த பெரிய பதிப்பில் பழைய நிரல் எவ்வளவு தப்பும் என்பதும் முதல் நாளே நம் கையை விட்டுப் போய்விடும். இந்த மதிப்பீடு அந்த இரண்டையும் வைத்தே எழுதப்பட்டது.

முதலில் கழித்துவிட வேண்டியது டிகே என்ற இன்னொரு லைப்ரரி. பைத்தன் நிரல்மொழியோடு இலவசமாக வருகிறது என்பதற்காகப் பலர் அதில் தொடங்குவார்கள். லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளை எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நிரல் வழியாக ஒவ்வொன்றாக அடுக்குகிறது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் அடுக்கே அதில் இல்லை. அதனால் ‘கெ’யின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் ஒட்டும். எழுத்துரு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. கியூட் தனக்குள் அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸைக் கொண்டுள்ளது. ஜிடிகே, பாங்கோ என்ற எழுத்து அடுக்கின் வழியாக அதே ஹார்ஃப்பஸைத்தான் அழைக்கிறது. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற லைப்ரரி லினக்ஸில் ஜிடிகே மேல் ஓடுவதால் அங்கும் இந்தக் கவலை இல்லை.

திரையில் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் எண்ணிக்கைச் சிக்கல் வரும். ‘கொழும்பு’ வாசிப்பவருக்கு 4 எழுத்து. யூனிகோடில் 8 குறியீடு, அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். கியூட்டின் ஒருவரிப் பெட்டிக்கு அதிகபட்ச நீளம் 20 என்று கொடுத்தால் அது குறியீடுகளைத்தான் எண்ணும். ஜிடிகேயின் பெட்டியும் அப்படியே. பெயர் பாதியில் நிற்கும், சில வேளை புள்ளி இல்லாமல் மெய் உயிர்மெய்யாகி நிற்கும். திரையில் வரம்பு வைக்க வேண்டுமானால் கியூட்டில் டெக்ஸ்ட் பவுண்டரி ஃபைண்டரைக் கொண்டு எழுத்துக் கொத்துகளை எண்ண வேண்டும். தரவுத்தளப் புலத்தின் நீளம் பைட்டில் அளக்கப்பட்டால் அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

தேடல் இதைவிட மோசம். ‘ஸ்ரீ’யை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், உள்ளே வெவ்வேறு குறியீடு. யூனிகோட் இயல்பாக்கம் ‘ொ’வைப் பிரித்து எழுதியதையும் சேர்த்து எழுதியதையும் ஒன்றாக்கும், ‘ஸ்ரீ’யை ஒன்றாக்காது. ‘கௌரி’யும் ‘கெளரி’யும் அதே கதை. இங்கே பழைய கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ஒரே விசை என்பதால் அவசரமாக எழுதிய மாற்றி ஒவ்வொன்றும் இந்தப் பிழையைக் கொண்டுவந்து சேர்க்கும். காட்டுவதற்கு மூலப் பெயர், தேடுவதற்குச் செப்பனிட்ட திறவுகோல் என்று இரண்டு புலம் வைப்பதே வழி. செப்பனிடும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எல்லாம் வெட்டிவிடும் வழக்கமான உதவி நிரலைத் தொடக்கூடாது. சிங்களத்தில் ரகாரமும் யகாரமும் ஒட்டி வரும் வடிவங்களுக்குப் பூச்சிய அகல இணைப்பான் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து தேவை. அதை வெட்டினால் தமிழ்ப் பெயர்கள் நன்றாகவே இருக்கும், சிங்களப் பெயர்கள் உடையும். தமிழை மட்டும் சோதிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

வரி உயரமும் அப்படிக் கடைசியில் பிடிபடுகிற ஒன்று. முதன்மை எழுத்துரு ஆங்கிலமாக இருந்து தமிழ் மாற்று எழுத்துருவிலிருந்து வந்தால், கியூட்டின் எழுத்துரு அளவீடு தரும் உயரம் ஆங்கிலத்துக்கு உரியது. அட்டவணை வரியை அந்த உயரத்துக்கு நிறுத்தினால் ‘ஞூ’வின் அடியும் ‘கீ’யின் சுழியும் வெட்டுப்படும். உயரத்தைக் கேட்காமல், மூன்று மொழியும் கலந்த ஒரு மாதிரி வரியின் எல்லைச் செவ்வகத்தைக் கேளுங்கள். வின்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐ எழுத்துரு சிங்களம், தமிழ் இரண்டையும் கொண்டிருப்பதால் முதன்மையாக வைக்கலாம். லினக்ஸுக்கு நோட்டோ எழுத்துருக்களை மென்பொருளோடு சேர்த்தே அனுப்புவது நல்லது. அவற்றின் உரிமம் அதை அனுமதிக்கிறது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டு எச்சரிக்கை. ‘%1ஐ நீக்கவா?’ என்று எழுதினால் (%1 உள்ள இடத்தில் பெயர் வந்து உட்காரும்) எந்தப் பெயர் வந்தாலும் சந்தி இடறும். ‘நீக்கப்படும் கோப்பு: %1’ என்று வைத்தால் தொல்லை இல்லை. ஆல்ட் குறுக்குவிசைக்காக & குறியைத் தமிழ் எழுத்தின் முன் வைக்கக்கூடாது, விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போது அந்த விசை கிடைக்காது. சொல்லின் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தைப் போட்டு அதற்கு முன் வையுங்கள். தொகையை 1,250,000 என்றே காட்டுங்கள். 12,50,000 என்ற இந்தியப் பிரிப்பைப் பார்த்தால் இங்குள்ள கணக்காளர் ஒருமுறை நிறுத்தித்தான் வாசிப்பார்.

பற்றுச்சீட்டு அச்சுப்பொறி தனி உலகம். வெப்ப அச்சுப்பொறிகளின் உள்ளெழுத்துகளை நம்பித் தமிழ் அச்சிட முடியாது. ஆகவே திரையில் வரையும் அதே எழுத்து இயந்திரத்தைக் கொண்டு நினைவகத்தில் ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். 80 மி.மீ. சுருளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., மி.மீ.க்கு 8 புள்ளி, ஆக 576 புள்ளி. 58 மி.மீ. சுருளுக்கு 384. எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்து, சற்றுத் தடித்த எழுத்துருவில் வரையுங்கள். ஒரு பிட் (கறுப்பு, வெள்ளை மட்டும்) படமாக மாற்றும்போது புள்ளி தூவும் முறை வேண்டாம், நேரான வெட்டுவரம்பு முறை போதும். இல்லாவிட்டால் மெல்லிய கோடுகள் புழுதியாகிவிடும்.

இங்கே பலரைச் சுற்றவிடும் ஒன்று உண்டு: கியூட் படத்தின் ஒவ்வொரு வரியையும் 4 பைட் எல்லைக்கு நிரப்பி வைக்கிறது. 576க்கு 72 பைட், 384க்கு 48 பைட், இரண்டும் 4ஆல் வகுபடும், சிக்கல் இல்லை. ஓரம் விட நினைத்து 560 என்று வைத்தால் 70 பைட் தேவை, கிடைப்பது 72; அப்படியே அனுப்பினால் பற்றுச்சீட்டு சாய்ந்து அச்சாகும். தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் பிட்டுகளைத் தலைகீழாக்குங்கள். நீளமான சீட்டை 200 வரி உயரத் துண்டுகளாக அனுப்பினால் மலிவு இயந்திரங்களின் நினைவகம் திணறாது.

இனி, இவற்றின் மேல் சொந்தமாக ஒரு திறமூல லைப்ரரி எழுதி வெளியிடுகிறவர்களுக்கு. சி++ நிரல்மொழியில் ஒரு விட்ஜெட்டை (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்பை) வெளியிட்டபின் அதன் வகுப்பில் புதிய தரவு உறுப்பையோ புதிய விர்ச்சுவல் செயற்பாட்டையோ சேர்த்தால், அதைக் கொண்டு முன்பே தொகுத்த மென்பொருள்கள் காரணம் சொல்லாமல் விழும். முதல் பதிப்பிலேயே தரவு எல்லாவற்றையும் ஒரு தனி உள் வகுப்புக்குள் தள்ளி, வெளியே ஒரு சுட்டியை மட்டும் வைக்க வேண்டும். கியூட்டும் அதன் மேல் எழுதப்பட்ட கேடிஇ என்ற திறமூல மேசைச்சூழலும் நடைமுறைப்படுத்துவது இதைத்தான். லைப்ரரியைப் பைத்தனிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு என்று வந்தால் ஜிடிகே பக்கம் வேலை குறைவு. கருத்துரையில் திருப்பித் தரும் பொருள் யாருக்குச் சொந்தம், வெறுமையாக வரலாமா என்று குறித்துவிட்டால் ஜிஓப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் என்ற கருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும். சொந்தம் பற்றிய குறிப்பு பிழையானால் நினைவகம் கசியும், அல்லது நிரல் சாகும். கியூட்டில் இணைப்பு நிரலை உருவாக்கும் ஷிபோக்கனைக் கொண்டு தனி விவரக் கோப்பு எழுத வேண்டும். கியூட்டின் பைத்தன் இணைப்பான பைசைடின் பதிப்போடு அதன் பதிப்பும் பொருந்த வேண்டும். சிறு குழுவுக்கு இது சுமைதான்.

ஆனால் பெரிய பதிப்பு மாறும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. ஜிடிகே 3 2011இலும் ஜிடிகே 4 2020இலும் வந்தன. ஜிடிகே 4இல் மற்ற விட்ஜெட்டுகளைத் தாங்கும் கன்டெய்னர் வகுப்பே இல்லை, உரையாடல் பெட்டியைத் திறந்து பதில் வரும்வரை நிற்கும் அழைப்பு இல்லை, சொந்த விட்ஜெட்டின் வரைதல் முறையும் வேறு. 4.10இல் அட்டவணை காட்டும் ட்ரீவியூவும் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்ந்தது. சொந்த விட்ஜெட் வைத்திருப்பவருக்கு இது புதிதாக எழுதுவதற்குச் சமம். கியூட் 5இலிருந்து 6க்கு வரும்போது விட்ஜெட் நிரலின் பெரும்பகுதி சிறு திருத்தங்களோடு தொகுபடும். ரெக்எக்ஸ்பி, டெக்ஸ்ட்கோடெக் என்ற பழைய வகுப்புகள் பொருத்தத் தொகுதி ஒன்றுக்குள் போய்விட்டன, அவ்வளவுதான். நிறைய அட்டவணைகள் உள்ள, பத்து வருடம் ஓட வேண்டிய வணிக மென்பொருளுக்குக் கியூட் விட்ஜெட்ஸ். லினக்ஸ் மட்டும் போதும் என்ற சிறிய கருவிக்கு ஜிடிகே. கியூட்டின் தனித் திரை மொழியான க்யூஎம்எல் இந்த வகை வேலைக்கு அவசியமில்லை.

இலவசம் என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. 2021 ஜனவரி முதல் கியூட் 5.15இன் நீண்டகாலத் திருத்தங்கள் முதலில் வணிக உரிமம் வாங்கியவர்களுக்கே போகின்றன. திறமூலப் பக்கத்தில் கேடிஇ தனியாக ஒரு திருத்தத் தொகுப்பைப் பேணுகிறது. பைசைட் எல்ஜிபிஎல்; இன்னொரு பைத்தன் இணைப்பான பைகியூட் ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் (எல்ஜிபிஎல், ஜிபிஎல் இரண்டும் திறமூல உரிமங்கள்). மூடிய நிரலை விற்பவர் இதைப் பார்க்காமல் தொடங்கக்கூடாது. எல்ஜிபிஎல் லைப்ரரியைப் பாவனையாளர் மாற்றிப் போட வழி இருக்க வேண்டும் என்பதால் பொதி கட்டும் கருவியான பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுவது பாதுகாப்பு.

கடைகளில் இன்னும் வின்டோஸ் 7 கணினிகள் ஓடுகின்றன. கியூட் 6க்கு வின்டோஸ் 10 வேண்டும், ஆகவே அங்கே 5.15தான். பழைய கிராஃபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினியில் ஜிடிகே 4 சாளரம் வெறுமையாக வந்தால், வரையும் முறையைத் தீர்மானிக்கும் ஜிஎஸ்கே ரெண்டரர் (GSK_RENDERER) என்ற சூழல் மாறியை கெய்ரோ (cairo) என்று வைத்துப் பாருங்கள். கியூட் விட்ஜெட்ஸுக்கு அந்தச் சோதனையே தேவைப்படுவதில்லை. மின்வெட்டுக்கும் எழுத வேண்டும்: 2022இல் வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம்வரை போனது. அமைப்புக் கோப்பைத் திறந்து நேராக எழுதாமல் கியூட்டின் கியூசேவ்ஃபைல் வகுப்பு வழியாக எழுதினால், தற்காலிகக் கோப்பு முழுமையான பின்தான் பழையதன் இடத்துக்கு வரும்.

பொதி கட்டியபின் தமிழ்த் தட்டச்சு வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு வந்தால், முதலில் பாவனையாளர் லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள்களில் ஐபஸ் வைத்திருக்கிறாரா எஃப்சிஐடிஎக்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பைசைட் பொதியில் ஐபஸ் செருகி உண்டு, எஃப்சிஐடிஎக்ஸ் செருகி இல்லை. அதை அதே கியூட் பதிப்பில் தொகுத்து, உள்ளீட்டுச் செருகிகளின் கோப்புறையில் நீங்களே வைக்க வேண்டும்.