ஓடும் வண்டிக்கு வேவ்லெங்த் உதவுமா? ஒரு மதிப்புரை

மொபைல் நிறுவனத்தின் டேட்டா சென்டருக்குள்ளேயே தன் சர்வர்களைக் கொண்டுபோய் வைக்கும் அமேசானின் வேவ்லெங்த் சேவை, 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2020 ஆகஸ்டில் அமெரிக்க மொபைல் நிறுவனமான வெரைசனுடன் இணைந்து பாஸ்டனிலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் தொடங்கப்பட்டது. போனிலிருந்து கிளம்பும் தரவு பொது இணையத்தைச் சுற்றாமல், அந்த நெட்வொர்க்குக்குள்ளேயே சர்வரைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம். காரிலும் ரயிலிலும் போய்க்கொண்டிருப்பவர்களுக்கான செயலியை இதை நம்பி எழுதலாமா என்ற கேள்வியை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

தொடங்குவது எளிது. அமேசான் கிளவுடில் ஏற்கெனவே உள்ள விபிசியிலிருந்து (நமக்கென ஒதுக்கப்பட்ட தனி நெட்வொர்க்) பாஸ்டன் மண்டலத்தில் (வேவ்லெங்த் சர்வர்கள் உள்ள இடம்) ஒரு சப்நெட்டை (அந்த நெட்வொர்க்கின் ஒரு பகுதி) உருவாக்கி, மொபைல் நெட்வொர்க்குடன் இணைக்கும் வாயிலான கேரியர் கேட்வேயைப் பொருத்தி, இசி2 எனப்படும் வாடகை சர்வருக்கு ஒரு கேரியர் ஐபி (மொபைல் நெட்வொர்க்கில் அதற்கான முகவரி) கொடுத்தால் போதும். சோதிக்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இணையத்திலிருந்து புதிதாக உள்ளே வரும் இணைப்புகளை கேரியர் கேட்வே ஏற்பதில்லை என்பதால், வீட்டு பிராட்பேண்டில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து தட்டினால் பதில் வராது. வெரைசன் சிம் உள்ள போனின் ஹாட்ஸ்பாட் வேண்டும். இணையத்திலிருந்து எஸ்எஸ்எச் (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் முறை) வழியாக நுழைய, இந்த மண்டலம் சார்ந்திருக்கும் வர்ஜீனியா ரீஜனில் (அமேசானின் பெரிய டேட்டா சென்டர் தொகுதி) இடைவாசலாக ஒரு பேஸ்டியன் சர்வரும் வேண்டும். சர்வர் வகைகள் சிலவே, விலையும் ரீஜனைவிடக் கூடுதல். ஆனாலும் படங்களை வேகமாகக் கையாளும் ஜிபியு சிப் உள்ள ஜி4டிஎன் வகை சர்வர் கிடைப்பது, வீடியோவை உடனுக்குடன் அலசும் வேலைகளுக்குப் பெரிய வசதி.

சிக்கல் பயனர் நகரத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. போன் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குத் தாவும்போது ஐபி முகவரி மாறுவதில்லை. செஷன், அதாவது போனின் தரவு இணைப்பு, மொபைல் நெட்வொர்க்கின் ஒரு கேட்வேயில் நங்கூரமிட்டிருப்பதால், பேச்சும் வீடியோவும் அறுபடாமல் தொடர்கின்றன. ஆனால் பாஸ்டனில் கிளம்பியவர் நியூயார்க்கை நெருங்கும்போதும் அந்த நங்கூரம் பாஸ்டனிலேயே இருக்குமானால், பக்கத்திலேயே நியூயார்க் மண்டலம் இருந்தும் அவருடைய தரவு முழுவதும் பின்னோக்கிப் போய்த்தான் திரும்பும். இதை உணர்ந்துதான் 5ஜி தரநிலை, பழைய பாதையை விடுவதற்கு முன்பே புதிய பாதையைத் திறக்கும் ஒரு செஷன் முறையை (அதன் மூன்று முறைகளில் மூன்றாவது) வகுத்தது. அப்படித் திறந்தாலும் ஐபி மாறும், அதைத் தாங்கிக்கொள்வது செயலியின் பொறுப்பு. பக்கத்தில் எந்த மண்டலம் இருக்கிறது என்று கேட்டறிய வெரைசனின் எட்ஜ் டிஸ்கவரி சேவை உதவுகிறது. பழைய சர்வரின் நினைவில் இருந்ததைப் புதிய சர்வருக்கு அது கொண்டுசேர்ப்பதில்லை.

பழைய சர்வரின் விவரத்தைப் புதியதற்கு மாற்றும் அந்த வேலை வேவ்லெங்த்தில் இன்னும் கடினமாகிறது. ஒரே விபிசிக்குள் இருந்தாலும் இரண்டு மண்டலங்களின் சர்வர்கள் தமக்குள் பேச முடியாது. மண்டலத்துக்கு ஒரு விபிசி அமைத்து, ரீஜனில் உள்ள டிரான்சிட் கேட்வே வழியாக இணைக்கும்படி அமேசானின் ஆவணமே சொல்கிறது. அதாவது, பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போக வேண்டிய செஷன் விவரம் வர்ஜீனியா போய் வர வேண்டும். நகரும் பயனரை முன்னிறுத்தி விற்கப்படும் ஒரு சேவையில் இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

தூரத்தின் பங்கையும் சரியாக எடைபோட வேண்டும். ஃபைபரில் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். ஆகவே வர்ஜீனியா வரை போய் வரும் தூரத்தை மிச்சப்படுத்துவதால் கிடைப்பது சில மில்லி விநாடிகள்தான், இடையிலுள்ள ரவுட்டர்களைத் தவிர்ப்பதால் இன்னும் கொஞ்சம். நெரிசலான 4ஜி டவரில், போனுக்கும் டவருக்கும் இடையிலான ரேடியோ பகுதியே அதைவிடப் பல மடங்கு நேரத்தை விழுங்கினால், சர்வரை எவ்வளவு பக்கத்தில் வைத்தும் பயனருக்கு வித்தியாசம் தெரியாது.

பயனர்கள் ஓரிடத்தில் திரளும் ஸ்டேடியம், தொழிற்சாலை போன்றவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நெடுஞ்சாலைச் செயலிகளில், கேமராப் படத்தில் தடையை அடையாளம் காண்பது போல முந்தைய நிலையை நினைவில் வைக்கத் தேவையில்லாத வேலையை மட்டும் மண்டலத்தில் வைத்து, பயண விவரங்களை ரீஜனில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது பாதி வழியில் மண்டலம் மாறினாலும் பயணிக்கு எதுவும் தொலையாது.