ஆர் என்றால் ரீப்ளேஸ் இல்லை: ஐஎஸ்பிஎஃப் எடிட்டரோடு 14 வருடம்

மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அங்கே கோப்புகளைத் திருத்த ஐஎஸ்பிஎஃப் எடிட்டர்தான். ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று இடது ஓர வரி எண்ணின் மேல் 'ஆர்' அடித்து எண்டர் தட்டினேன். அந்த வரியே கீழே இன்னொன்றாக வந்து நின்றது. இங்கே ஆர் என்றால் ரிப்பீட்! பக்கத்து சீட் அண்ணன், "எல்லாரும் முதல்ல இதுலதான் விழுவாங்க" என்று சிரித்தார். வரியை மாற்றத் தனிக் கட்டளையே வேண்டாம், மேலேயே அடித்து எழுதினால் போதும். கமாண்ட் லைனில் ரீப்ளேஸ் என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது குறித்துவைத்த வரிகளைக் கொண்டுபோய் வேறொரு மெம்பரில் (லைப்ரரிக்குள் இருக்கும் தனிக் கோப்பு) எழுதும். அங்கே இருந்த பழையது மொத்தமும் போய்விடும்.

வரி சேர்ப்பதில் எனக்குக் குறையே இல்லை. 'ஐ5' அடித்தால் ஐந்து காலி வரி. மூன்றில்தான் எழுதினீர்களா, மிச்ச இரண்டும் அடுத்த எண்டரில் தானாக மறைந்துவிடும். காலி வரியே வேண்டுமென்றால் அதில் ஒரு ஸ்பேஸ் தட்ட வேண்டும். அப்புறம், மூன்று வரியை நீக்கும் 'டி3' போல எண்ணோடு அடிக்கும்போது பின்னால் ஒரு ஸ்பேஸ் விடுங்கள். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் வரி எண்ணின் பழைய இலக்கங்கள் ஒட்டிக்கொண்டு குழப்பும்.

வரி நடுவில் எழுத்து நுழைக்கும்போது கீபோர்டு பூட்டிக்கொள்கிறதா? வரியின் கடைசிவரை ஸ்பேஸ் நிரம்பியிருக்கும். அந்த ஸ்பேஸ்களை வெற்றிடமாக்கும் 'நல்ஸ் ஆன்' கொடுத்தால் சரியாகிவிடும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு மாதம் பூட்டை விடுவிக்கும் ரீசெட் கீயைத் தட்டியே ஓட்டினேன்.

நீக்குவதில்தான் அடி வாங்கினேன். ஒரு ஜேசிஎல்லில் (ஜாபை, அதாவது ஒரு வேலையை, எப்படி ஓட்டுவது என்று மெயின்ஃபிரேமுக்குச் சொல்லும் கோப்பு) பழைய கமெண்ட் வரிகளைக் களைய வேண்டியிருந்தது. 'எக்ஸ் ஆல்' கொடுத்து எல்லாவற்றையும் மறைத்து, ஃபைண்ட் ஆலில் கமெண்ட் வரிகளை மட்டும் வெளியே கொண்டுவந்தேன். கண்ணுக்குத் தெரிபவற்றை நீக்க 'டெலீட் ஆல் என்எக்ஸ்'. ராத்திரி 2 மணி, தூக்கக் கலக்கம். மறைந்த வரிகளை நீக்கும் 'டெலீட் ஆல் எக்ஸ்' அடித்துவிட்டேன். ஜாப் கார்டு, எக்ஸெக், டிடி என்று ஜாபை ஓட்டும் வரிகள் எல்லாம் காலி, கமெண்ட் மட்டும் பத்திரம். சேமிக்காமல் வெளியேறும் கேன்சல் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். கை பழக்கத்தில் எடிட்டை முடிக்கும் பிஎஃப்3 கீயைத் தட்டியது. ஆட்டோசேவ் ஆனில் இருந்ததால் அது சமர்த்தாகச் சேமித்துவிட்டு வெளியே வந்தது. டெஸ்ட் லைப்ரரியில் ஒரு பழைய பிரதி கிடந்ததால் பிழைத்தேன்.

மறுநாளே 'ரெக்கவரி ஆன்' போட்டேன். செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் அண்டூ அதிலிருந்து வேலை செய்கிறது, எடிட்டுக்குள் இருக்கும்வரை. ஒரு நுணுக்கம்: புரொஃபைல் (இந்த அமைப்புகளின் தொகுப்பு) டேட்டாசெட் (மெயின்ஃபிரேம் கோப்பு) பெயரின் கடைசிப் பகுதியைப் பொறுத்தது. ஜேசிஎல்லுக்குப் போட்டது கோபால் (COBOL) மொழிக் கோப்புகளுக்கு வராது, அங்கேயும் ஒருமுறை போட வேண்டும்.

எங்கள் டீமில் புதிதாக வரும் பிள்ளைகள் விஎஸ் கோட் எடிட்டரில், மெயின்ஃபிரேம் கோப்புகளைத் திறக்க உதவும் ஸோவே நீட்சியைப் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய கோபால் புரோகிராமைப் படிக்க நானும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் விழுந்த ஜாபுக்கு ஒரு வரி திருத்தி 'சப்' (ஜாபை ஓட அனுப்பும் கட்டளை) அடிப்பதென்றால் கை ஐஎஸ்பிஎஃப்புக்குத்தான் போகிறது. இப்போதெல்லாம் பிஎஃப்3 தட்டும் முன் ஒருமுறை ரீசெட் கட்டளை அடித்து, மறைந்த வரிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்துவிடுகிறேன்.