செம்புப் பெயின்ட் அடித்த படகு: ஓராண்டுக்குப் பின்

தூத்துக்குடியில் எங்கள் மர விசைப்படகைச் சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில், கரையேற்றி, கடலுயிர்கள் ஒட்டாமல் தடுப்பதற்காக அடிப்பலகைக்குக் குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்புச் சேர்மம் கலந்த பெயின்டை இரண்டு பூச்சு அடித்தோம். இந்த ஆண்டு மறுபடியும் கரையேற்றிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அடிப்பலகையில் கெட்டியாக ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசைப் பொறுத்தவரை பெயின்ட் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. பெயின்ட் அடிக்கும்போது ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) கீழ் முட்டுக்கொடுத்திருந்த கட்டைகள் மறைத்த இடங்களில் மட்டும், அச்சு வைத்தாற்போல் சதுரம் சதுரமாகக் கொட்டலசு ஒட்டியிருந்தது. மற்ற இடங்களில் சுரண்ட வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் வழுவழுப்பான பாசிப் படலம் வேறு கதை. கடலில் இறங்கிய எந்தப் பரப்பிலும் நீரில் கரைந்துள்ள புரதமும் சர்க்கரைப் பொருள்களும் சில நிமிடங்களிலேயே படிந்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து, முதலில் விட்டுவிலகக்கூடிய அளவில் தொற்றி, பிறகு தாமே சுரக்கும் பசையால் நிலையாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பசையின் மேல் டயாட்டம் என்னும் நுண்பாசி குடியேறுகிறது. டயாட்டங்களில் ஆம்ஃபோரா போன்ற சில இனங்கள் செம்பைத் தாங்கி வளரக்கூடியவை என்பதால், கொட்டலசின் குஞ்சுகளை விரட்டும் அதே பெயின்டின் மேல் இவை நிம்மதியாக வாழ்கின்றன. எங்கள் படகில் வெயில் படும் நீர்மட்டத்தை ஒட்டியே பழுப்பு நிறப் படலம் தடித்திருந்தது. கொட்டலசு அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்தப் படலமும் படகை இழுத்துப் பிடிக்கும். அதன் கணக்கு டீசலில் தெரியும்.

மெல்லக் கரைந்து செம்பை வெளிவிடும் இந்தப் பெயின்ட், ஓடும் படகுக்கே ஏற்றது. என்ஜின் பழுதால் ஒன்றரை மாதம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோதுதான் படலம் அதிகம் ஏறியது. இதை விற்ற கடைக்காரர் இதையும் சொல்லவில்லை, அலுமினிய அடிப்பாகத்தில் நேரடியாக அடித்தால் உலோகம் அரிக்கும் என்பதையும் சொல்லவில்லை. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய பெயின்டே மேல் என்று இன்றும் புகழ்வோர் உண்டு. பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கவைத்த அந்தச் சேர்மம் 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் விலக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் இதையே மறுபடி வாங்கியிருக்கிறேன். இம்முறை முதல் பூச்சு காய்ந்ததும் கட்டைகளை இடம் மாற்றி வைத்து, விடுபட்ட சதுரங்களுக்கும் சேர்த்துப் பூசினோம்.