மைக்ரேனுக்கு மெக்னீசியம்: எந்த உப்பு, எவ்வளவு, எதற்குப் பதிலாக?

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அக்கா, நீங்க சொன்ன மெக்னீசியம்தான். ரெண்டு மாசமா சாப்பிடறேன், தலைவலி அப்படியேதான் இருக்கு." டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் மெக்னீசியம் கிளைசினேட் 500 மில்லிகிராம் என்றிருந்தது. தினம் ஒன்று சாப்பிடுகிறாளாம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தனி மெக்னீசியம் 70 மில்லிகிராம். ஒற்றைத் தலைவலிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 400 முதல் 600 மில்லிகிராம். அவள் சாப்பிட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மெக்னீசியம் தனியாக மாத்திரைக்குள் இருக்காது, ஏதாவது ஒன்றோடு சேர்ந்த உப்பாகத்தான் வரும். ஆக்சைடு என்றால் எடையில் சுமார் 60 சதவீதம் மெக்னீசியம். சிட்ரேட்டில் 16, கிளைசினேட்டில் 14. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆக்சைடுதான் லாபம். விலை குறைவு, ஒன்றிரண்டு மாத்திரையில் வேலை முடிந்தது. ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது. உடம்பில் சேராமல் குடலில் தங்குவது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மில்க் ஆஃப் மெக்னீசியாவும் இதே குடும்பம்தான். நான் முதலில் வாங்கியது ஆக்சைடு. சாப்பிட்ட மூன்றாம் நாள் இரவு பேருந்தில் ஊருக்குக் கிளம்பினேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சிட்ரேட் வயிற்றுக்கு ரொம்ப நல்ல பிள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைக்ரேன் விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. 1996-ல் ஜெர்மனியில் 81 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பாதிக்கு தினம் 600 மில்லிகிராம் மெக்னீசியம், சிட்ரேட் வடிவில். மறு பாதிக்கு வெற்று மாத்திரை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத மாத்திரை. 12 வாரம். ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு பார்த்தபோது, மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி வருவது 41.6 சதவீதம் குறைந்திருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் 15.8 சதவீதம் குறைந்தது! மெக்னீசியம் சாப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. அதே 1996-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆஸ்பார்டேட் என்ற வடிவத்தை 69 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட ஒரு துளிகூட மேலாக வரவில்லை. அதனால்தான் "மெக்னீசியம் தலைவலியைக் குணமாக்கும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பேன்.

கிளைசினேட்டின் பெருமையெல்லாம் அது வயிற்றைக் கலக்காது என்பதில். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் மைக்ரேனுக்கு அதைத் தனியாகச் சோதித்த பெரிய ஆய்வு எதையும் காட்ட முடியாது. தவிர, 70 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 400-ஐ எட்ட தினம் ஆறு விழுங்க வேண்டும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்தால் தலைவலி தானாக வரும். த்ரியோனேட் என்று மூளைக்கே நேராகப் போகிற மாதிரி விளம்பரம் செய்கிறார்களே, அதை விட்டுவிடலாம்.

சரி, மெக்னீசியத்துக்கு நேர்ப் போட்டி யார்? என் பட்டியலில் முதல் ஆள் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. 1998-ல் பெல்ஜியத்தில் 55 பேரை வைத்து மூன்று மாதம் நடந்த ஆய்வில், தினம் 400 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில், தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் 59 சதவீதம். வெற்று மாத்திரையில் 15. வயிற்றுத் தொல்லை குறைவு. சிறுநீர் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகும், பயப்படத் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் என்று கேட்டு வாங்குவதில் பி2 பெரும்பாலும் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதை வைத்து 400-ஐ எட்ட முடியாது.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா? 2004-ல் அமெரிக்காவில் பி2, மெக்னீசியம், ஃபீவர்ஃப்யூ மூலிகை மூன்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எதிரணிக்கு வெறும் 25 மில்லிகிராம் பி2, சிறுநீரின் நிறத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. முடிவில் இரண்டு அணியும் ஏறக்குறைய சமம். "மைக்ரேன் காம்போ" டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 25 மில்லிகிராம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் புரோப்ரனலால், டோபிராமேட், வால்ப்ரோயேட் எல்லாம் முதல் வரிசை. மெக்னீசியமும் பி2-வும் அதற்கு அடுத்த வரிசை, "அநேகமாகப் பலன் தரும்" என்ற இடத்தில். மூலிகையான பட்டர்பரும் முதல் வரிசையில்தான் இருந்தது. கல்லீரலைக் கெடுக்கிறது என்ற கவலையில் 2015-ல் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டார்கள்.

முதல் வரிசைக்கு விலை உண்டு. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது. டோபிராமேட்டில் விரல் நுனி மரமரக்கும், பேசிக்கொண்டே இருக்கும்போது சொல் நாக்கில் வராமல் நிற்கும். கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்களுக்கு டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் ஆபத்து. நம் ஊரில் நிறைய எழுதப்படும் ஃப்ளூனரிசின் தூக்கத்தையும் எடையையும் சேர்த்தே கொடுக்கும்.

என் கணக்கு இதுதான். மாதத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் வருகிறது, வந்தால் ஒரு மாத்திரையில் அடங்குகிறது என்றால், சிட்ரேட் மெக்னீசியத்தையோ பி2-வையோ ஒன்றை மட்டும் மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வலி மாத்திரையையே மாதத்தில் பத்து பதினைந்து நாள் போடுகிறவர் என்றால் அந்த மாத்திரையே தலைவலியைத் தூண்டிக்கொண்டிருக்கலாம். அவர் மெக்னீசியத்தில் நாளைக் கடத்தாமல் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

ரத்தத்தில் மெக்னீசியம் சரியாக இருக்கிறதே என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதி எலும்பிலும் தசையிலும் இருக்கிறது, அதனால் அந்த ரிப்போர்ட் பெரிதாக எதையும் சொல்லாது. கேழ்வரகிலும் பூசணி விதையிலும் மெக்னீசியம் நிறைய உண்டு, 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 140 மில்லிகிராம். கூழ் குடிப்பது நல்லதே. ஆய்வில் கொடுத்த அளவை அதில் பிடிப்பதுதான் கஷ்டம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது, வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிவிடும். மற்றவர்களுக்கும் மாத்திரையாக எடுக்க அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 350 மில்லிகிராம். ஆய்வு அளவு அதைத் தாண்டுவதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தேன். டாக்டரைக் கேட்டுவிட்டு சிட்ரேட், சாப்பாட்டோடு காலை பாதி இரவு பாதி, தலைவலி வரும் நாளில் தினசரிக் காலண்டரில் ஒரு சிவப்புக் கோடு என்று முடிவானது. டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் போகிற போக்கில், "காலைல தைராய்டு மாத்திரையோட சேர்த்தே முழுங்கிடறேன் அக்கா, மறக்காது பாருங்க" என்றாள்.

மறுபடி உட்காரச் சொன்னேன். மெக்னீசியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது வேண்டும்.