மைக் துளையும் ஆறுமணிக்குருவியும்: மெர்லினோடு மூன்று வருடங்கள்

கல்லூரி நண்பன் போன வாரம் போன் செய்தான். "அப்பா ரிட்டயர் ஆயிட்டார்டா. ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கேன். பொழுதுபோக என்ன ஆப் போட்டுக் கொடுக்கலாம்?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் சர்வீஸ் சென்டருக்கு மூன்றாவது முறையாகப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன்.

செஸ் பிடிக்குமென்றால் லிசெஸ் போடு, விளம்பரமும் வராது, காசும் கேட்காது என்றேன். மொட்டை மாடியில் வானம் பார்க்கிறவர் என்றால் ஸ்டெல்லேரியம். டேப்லெட்டை வானத்துக்கு நேராகப் பிடித்தால் எது வியாழன், எது திருவாதிரை என்று காட்டிவிடும். இரண்டுமே நல்ல ஆப்கள்தான். ஆனால் மூன்று வருடமாக நான் விடிந்ததும் திறக்கிற ஆப் இரண்டுமில்லை, பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின். அதைப் பற்றி அன்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மெர்லின் என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, முழுக்க இலவசம். பறவையின் அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று சொன்னால் எது என்று யூகிக்கும், போட்டோ கொடுத்தாலும் சொல்லும். 2021இல் வந்த குரல் அறியும் வசதிதான் என்னைக் கட்டிப்போட்டது. பொத்தானைத் தட்டிவிட்டு போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் போதும். திரையின் மேல்பாதியில் சத்தம் ஒரு படமாக ஓடும். தாழ்ந்த குரல் கீழே, கீச்சுக்குரல் மேலே. அந்தப் படத்தை வைத்துத்தான் அது பறவையை அடையாளம் காண்கிறது. கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக விழும். ஒரு பறவை மறுபடி கூப்பிட்டால் அதன் பெயர் மஞ்சளாக மின்னும். நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட்கூடத் தேவையில்லை.

எங்கள் வீடு ராஜபாளையத்துக்கு வெளியே, கொல்லையில் ஒரு வேம்பு, ஒரு கொய்யா, நான்கைந்து முருங்கை. நாற்பது வருடமாக இந்த மரங்களைப் பார்க்கிறேன். முதல் வாரத்திலேயே பதினேழு பெயர்கள் விழுந்தன. அன்றைக்கு எனக்கு உண்மையில் கண் கலங்கிவிட்டது. வெயில் ஏறும்போது தட்டான் பட்டறையில் தட்டுவதுபோல டொங் டொங் என்று கேட்குமே, அது எங்கோ யாரோ வேலை செய்யும் சத்தம் என்றே இருந்துவிட்டேன். அது குக்குறுவான். உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பறவை, நெஞ்சில் சிவப்புப் பொட்டு.

குயில் விஷயம் இன்னும் பெரிது. கூ... கூ... என்று ஏறிக்கொண்டே போகும் குரல் எல்லோருக்கும் தெரியும். வேம்பிலிருந்து கிக்-கிக்-கிக் என்று அவசரமாக ஒரு குரல் வருமே, அதற்கும் மெர்லின் குயில் என்றே பெயர் காட்டியது. நான் நம்பவில்லை. மூன்று நாள் காத்திருந்து பார்த்தேன். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று கிக்-கிக் என்றபடி கிளை மாறியது. பெண் குயில். நாம் காலமெல்லாம் கொண்டாடிய கூவல் ஆண் குயிலுடையது. இவள் இத்தனை நாளும் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறாள், யாருக்கும் காதில் விழவில்லை.

இதற்கெல்லாம் மேலாக எனக்குக் கிடைத்தது ஆப்பில் இல்லாத ஒன்று. என் போனில் பெயர்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தைக் காட்டினால் அவர் பெயர் சொல்வார். "இது செம்போத்து. நல்ல சகுனம்." "இது தவிட்டுக்குருவி, ஏழெட்டு சேந்துதான் மேயும்." நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். காபி ஆறுகிற வரை இதுவே நடக்கும். அப்பா போன பிறகு அம்மா காலையில் கொல்லைப் பக்கம் வருவதையே விட்டிருந்தார். அவரைத் திரும்ப அங்கே உட்கார வைத்தது இந்த ஆப்தான். இதற்காக நான் கார்னெல்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

போன வருடம் அக்டோபர் கடைசி. மழை விட்ட சாயங்காலம், முருங்கைக்கு அடியில் சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். விட்டு விட்டு மறுபடியும். நான் போனை எடுப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "ஆறுமணிக்குருவிடா. எங்க ஊர்ல இது கத்துனா ஆட்டைப் பத்திட்டு வீட்டுக்கு வந்துருவோம்." மணி பார்த்தேன், ஐந்து ஐம்பத்தெட்டு. திரையில் இந்தியன் பிட்டா என்று விழுந்தது. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வரும் பறவை. குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றுக்கடியில் குங்குமச் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கூப்பிடும், பெயர் அதனால் வந்தது. அந்தப் பதிவு பதினான்கு நொடி. கடைசியில் அம்மாவின் குரலும் இருக்கிறது. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி சர்வீஸ் சென்டர் கதை. ஆகஸ்ட்டில் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்து மாற்றினேன். டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலை மெர்லினில் மூன்றே பெயர்கள்: செம்போத்து, புறா, காகம். சரி, மேகமூட்டம் என்று விட்டேன். அடுத்த நாளும் அதே மூன்று. அன்றைக்கு முருங்கையில் தையல்சிட்டு டுவிட் டுவிட் என்று பத்து நிமிடம் ஓயாமல் கத்தியது. திரையை உற்றுப் பார்த்தேன். படத்தின் கீழ்ப்பகுதியில் செம்போத்தின் ஊப்-ஊப் கறுப்பாக, கெட்டியாக ஓடுகிறது. மேல்பகுதி கழுவிவிட்டதுபோல் வெறுமை. தையல்சிட்டு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் தொட்டு அழித்தமாதிரி மங்கலான கோடுகள். தேன்சிட்டு இன்னும் கீச்சுக்குரல், அதற்குக் கோடுகூட இல்லை.

போனின் அடியில் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஒரு துளை இருக்கும். அதுதான் மைக். உள்ளே தூசி போகாமல் ஒரு வலை, சுற்றிலும் ரப்பர். திரும்பப் பொருத்தும்போது ரப்பர் சரியாக உட்காராவிட்டாலோ, ஒட்டும் பசை வலையில் பட்டாலோ முதலில் அடிபடுவது கீச்சுக்குரல்தான். தாழ்ந்த சத்தம் எப்படியோ உள்ளே போய்விடும்.

இதைச் சொன்னால் கவுண்டரில் ஒரே பதில். ஒரு போன் கால் போட்டுப் பேசிப் பார்க்கிறார்கள், "குரல் தெளிவா இருக்கே சார்" என்கிறார்கள். தெளிவாகத்தான் இருக்கும். பழைய தொலைபேசி மூவாயிரத்து நானூறு ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கீச்சுக்குரல் எதையுமே அனுப்பாது, அதை வைத்துத்தானே நூறு வருடம் பேசினோம். மனிதப் பேச்சுக்கு அது போதும். தேன்சிட்டுக்குப் போதாது. பழைய பதிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அங்கிருந்த பையன் நல்லவன், பொறுமையாகப் பார்த்தான். "சார், சிஸ்டத்துல பறவைன்னு கம்ப்ளெயிண்ட் போட முடியாது" என்றான். அவன் மேல் கோபமில்லை. மைக் வேலை செய்கிறதா என்பதற்குக் கால் போட்டுப் பார்ப்பது மட்டுமே சோதனை என்று எழுதி வைத்தவர்கள் மேல் கோபம் அடங்கவே இல்லை. ஏழாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு என் கொல்லையின் பாதிப் பறவைகளை எடுத்துக்கொண்டார்கள்.

நண்பனுக்கு இப்போது சொல்கிறேன்: அப்பாவின் டேப்லெட்டில் மெர்லின் கண்டிப்பாகப் போட்டுக் கொடு. மைக் துளையைக் கவர் மூடாமல் பார்த்துக்கொள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டாம். பெயர் விழுந்தவுடன் நம்பிவிடாமல் மரத்தில் தேடிப் பார்க்கச் சொல். கரிச்சான் குருவி, வைரி என்கிற வேட்டைப் பறவையின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும், காது ஏமாறும். அப்புறம் முக்கியமாக, ஆப்பில் இருக்கும் குரல்களைப் பறவைக்குக் கேட்கும்படி சத்தமாக ஓடவிடக் கூடாது. கூடு கட்டும் காலத்தில் வேறொரு பறவை எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு அலையும்.

இந்த ஆப்புக்கு ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டால் என்னால் இன்று மூன்றுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. தப்பு அந்த ஆப்புடையது இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் தையல்சிட்டு தலைக்கு மேலே கத்துகிறது, திரையில் வெறுமை ஓடுகிறது, அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நேற்று ராத்திரி போனிலிருந்து நீக்கிவிட்டேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் அம்மா கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, முருங்கைக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.