கூகுள் டிரைவ்: இளைஞர் அமைப்புகளுக்குப் பொது அலமாரியாகுமா?

நாலைந்து இளைஞர் அமைப்புகள் சேர்ந்து பயிற்சிக் கையேடு, விளையாட்டுக் குறிப்பு, மதிப்பீட்டுப் படிவம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்க கூகுள் டிரைவ் தாராளமாகப் போதும். ஆனால் தனிநபர் இலவசக் கணக்கில் தொடங்காதீர்கள். அதன் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். முகாம் வீடியோக்கள் ஏறினால் சீக்கிரமே நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய தலைவலி உரிமை. ஃபோல்டரைப் பகிர்ந்தாலும் கோப்பு ஏற்றியவர் பெயரில்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போய், கணக்கையும் நீக்கிவிட்டால் கோப்பும் போச்சு.

பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு, தகுதி சரிபார்த்தபின், கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான மெயில், டிரைவ் தொகுப்பு) இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள 'ஷேர்டு டிரைவ்'தான் சரக்கு: கோப்புகள் அமைப்புக்கே சொந்தம். மற்ற அமைப்புகளுக்கு 'கான்ட்ரிபியூட்டர்' அனுமதி கொடுங்கள். சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. அழிக்கும் உரிமையும் உள்ள 'மேனேஜர்' இருவர் போதும். அவர்களே தவறி அழித்தாலும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

தேடல் அருமை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கையேடுகளைத் தவிர. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள் என்பதால் 'தலைமைப்பண்பு' என்று தேடினால் சிக்காது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கோப்பின் பெயரிலேயே தலைப்பு, வயது, நேரம் இருக்கட்டும்: 'குழுப்பணி_14-17_45நிமிடம்'. 'ஃபைனல் புதுசு 2' வேண்டவே வேண்டாம்.

வருகைப் பதிவேடும் பிள்ளைகளின் படங்களும் இந்த அலமாரிக்கு ஆகாது. லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்துவைத்த கோப்பு, வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை விழுந்தால் யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.