வீரரின் கல்லறைக் கல்: ப்ளீச்சா, பச்சைத் தண்ணீரா?

முன்னாள் படைவீரர் ஒருவரின் கல்லறைக் கல் பெயரே தெரியாமல் பாசி பிடித்துக் கறுத்திருந்தால், பலருக்கும் கை நேராக ப்ளீச் பாட்டிலுக்குத்தான் போகிறது. நல்ல மனசோடு செய்வதுதான், ஆனால் கல்லுக்கு அது தெரியாதே.

ப்ளீச் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று வெளுக்கும். அதன் கவர்ச்சியும் அதுதான், வில்லங்கமும் அதுதான். அமெரிக்க வீரர்களின் வெள்ளைக் கற்களில் பெரும்பாலானவை பளிங்கு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ப்ளீச்சிலுள்ள உப்பு அவற்றில் இறங்கி, காய்ந்ததும் படிகமாகி, உள்ளிருந்தே கல்லை நெருக்கும். நாளடைவில் மேற்பரப்பு சர்க்கரை மாதிரி உதிர, எழுத்துகள் மழுங்கிவிடும். வினிகர் இன்னும் மோசம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். பிரஷர் வாஷரும் கம்பிப் பிரஷும் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை, இரண்டுமே வேண்டாம்.

பச்சைத் தண்ணீரும் மிருதுவான நைலான் பிரஷும் மட்டும் போதுமா? தூசிக்கும் பறவை எச்சத்துக்கும் மேலாகப் படிந்த பாசிக்கும் தாராளமாகப் போதும். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். துளைக்குள் வேரூன்றிய கரும்பாசியும், பாசியும் பூஞ்சையும் கூட்டாக வளரும் லைக்கனும்தான் இதற்கு மசியாது.

அங்கே டி/2 என்ற உயிரிக்கொல்லி திரவம் முந்துகிறது. அமெரிக்கத் தேசியக் கல்லறை நிர்வாகத்துக்காகப் பளிங்குக் கற்களில் சோதித்தபோது நன்றாகத் தேறியவற்றில் இதுவும் ஒன்று. நனைத்த கல்லில் தெளித்து, 10 முதல் 15 நிமிடம் விட்டு, மெதுவாகத் தேய்த்து அலசலாம். தெளித்துவிட்டு அப்படியே மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பாசி சாகும்போது கல் சில காலம் ஆரஞ்சு நிறம் காட்டக்கூடும். பதறிப்போய் மறுபடி தேய்க்காதீர்கள்.

இதன் ஒரே குறை, அவசரத்துக்கு உதவாது என்பது. முழு வெண்மை வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். மே கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டேக்கு (உயிர்நீத்த அமெரிக்கப் படைவீரர்களை நினைவுகூரும் நாள்) முந்தின சனிக்கிழமை வாளியும் கையுமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். முந்தைய இலையுதிர் காலத்திலேயே, நீர் உறையும் குளிர் தொடங்குமுன், தெளித்து வைப்பதே சரி. என் தேர்வு: முதலில் தண்ணீர், மிஞ்சியதற்கு டி/2.

வெண்கலப் பலகை என்றால் கணக்கே வேறு: மிதமான சோப்புத் தண்ணீர், காய்ந்தபின் மெல்லிய மெழுகுப் பூச்சு. பாலிஷ் போட்டுப் பழைய நிறத்தைச் சுரண்டக் கூடாது.

அப்புறம், எதைத் தொடுமுன்னும் கல்லறை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கல் ஆடினாலோ, விரலால் தடவும்போதே மாவாக உதிர்ந்தாலோ, தண்ணீர்கூட ஊற்றாமல் அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.